அழுத்தக்காரரின் மணிக்கட்டு

தளர்ந்திருக்க வேண்டிய நேரத்திலும் தளராத தசையை நரம்பியல் மருத்துவர்கள் விறைப்புற்ற தசை என்கின்றனர். ஒருவர் கையைத் தளரவிட்டு அமர்ந்திருக்க, மற்றொருவர் அக்கையை முழங்கையில் மடக்கியும் நீட்டியும் பார்த்தால், நலமாக இருப்பவரின் தசையும் முற்றிலும் துவண்டுவிடாமல் சிறிதளவு எதிர்த்து நிற்கும். இந்த இயல்பான எதிர்ப்புக்குத் தசைத்தொனி என்று பெயர். தொனி மிகுவதிலும் வகையுண்டு. பக்கவாதத்தில் பாதிக்கப்பட்ட கையை வேகமாக இழுத்தால் அது சட்டென்று இறுகி, பிறகு திடீரென்று விட்டுக்கொடுக்கும் என்பதால், மடக்குக்கத்தியின் பெயரால் அதைக் குறிப்பார்கள். வேறொரு வகையில், மெல்ல இழுத்தாலும் விரைந்து இழுத்தாலும், மடக்கினாலும் நீட்டினாலும், தொடக்கத்திலிருந்து முடிவு வரை எதிர்ப்பு ஒரே சீராக இருக்கும். இது ஈயக்குழாய் விறைப்பு. அந்தச் சீரான எதிர்ப்போடு நடுக்கமும் கலந்துவிட்டால் கை தடைபட்டுத் தடைபட்டு நகரும். 1901-இல் டூரின் நகரத்து மருத்துவர் கமில்லோ நெக்ரோ விவரித்த இதற்குப் பற்சக்கர விறைப்பு என்ற பெயர் நிலைத்துவிட்டது.

இவற்றுள் எதையும் எட்ட நின்று முழுமையாக அறிய முடியாது. தொட்டுத்தான் அறிய வேண்டும். பின்னிரண்டு வகை விறைப்பும் தோன்றும் பார்க்கின்சன் நோயின் வரலாறே இதற்குச் சான்று தருகிறது. லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் மருத்துவம் பார்த்துவந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் வெளியிட்ட சிறு நூலில் ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதினார். நடுக்கம், கூனிய உடல், முன்னோக்கி ஓடுவதுபோன்ற நடை ஆகியவற்றை இன்றும் வியக்கும்படி விவரித்த அவர், தசை விறைப்பைக் குறிப்பிடவில்லை. அந்த அறுவரில் சிலரை அவர் தெருவில்தான் பார்த்தார் என்பதையும், ஒருவரைத் தொலைவிலிருந்து மட்டுமே பார்த்தார் என்பதையும் நினைத்தால் இது வியப்பில்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ழான் மார்த்தேன் ஷார்கோ அத்தகைய நோயாளிகளை வரிசையாக வைத்துச் சோதித்தபோதுதான், விறைப்பும் இயக்க மந்தமும் தனித்தனிக் குறிகளாகப் பிரித்தறியப்பட்டன. நடுக்கமே இல்லாமல் விறைப்பு மட்டும் கொண்டவர்களும் உண்டு என்று கண்ட ஷார்கோ, ‘நடுங்கும் வாதம்’ என்ற பழைய பெயர் பொருந்தாது என்று கருதி, பார்க்கின்சனின் பெயரை நோய்க்குச் சூட்டுவதை ஆதரித்தார். இரயிலிலும் குதிரை வண்டியிலும் நெடுந்தொலைவு குலுங்கி வந்த நோயாளிகள் சிறிது நேரம் தேறியிருப்பதைக் கேட்டறிந்த அவர், அதிரும் நாற்காலி ஒன்றைச் செய்யச் சொல்லி அதில் அவர்களை உட்காரவைத்தார் என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

தமிழில் இந்நோய் இன்றும் நடுக்குவாதம் என்றே வழங்குகிறது. நடுங்காத ஒருவருக்கு அந்நோய் இருக்கக்கூடும் என்ற எண்ணம் வீட்டாருக்கு எழுவதில்லை. மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு நெல் அரவை ஆலையில் கணக்குப்பிள்ளையாக இருந்த, இக்கட்டுரையாளரின் பெரியப்பாவுக்கு நேர்ந்ததும் இதுவே. அவர் கை நடுங்கவில்லை. வெகுகாலம் வரை சற்றும் நடுங்கவில்லை. நெருங்கிய உறவினர்களின் கண்ணில் பட்டவை வேறு. பேசினால் முகத்தில் ஓர் அசைவும் இராது. கூப்பிட்டால் உடனே திரும்பமாட்டார். பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும், வந்தாலும் ஒரே சுரத்தில் ஒரு சொல் வரும். குடும்பம் இதற்கு வைத்திருந்த பெயர் ‘அழுத்தம்’. அழுத்தக்காரர் என்றால் மனத்திலுள்ளதை வெளியே விடாதவர், இறங்கி வராதவர் என்று பொருள். அந்தப் பெயர் அவருக்கு நோய் வருவதற்கு முன்பே இருந்தது என்பதுதான் சிக்கல்.

அவர் இயல்பிலேயே கறாரானவர். தவிடு, உமி, குருணை என்று ஒவ்வொன்றும் தனித்தனிப் பத்தியில் ஏறாமல் அன்றைய குறிப்பேட்டை மூடமாட்டார். ஐந்தொகை கட்டும் நாளில் கால் ரூபாய் இடித்தாலும் விளக்கை அணைக்கமாட்டார் என்று ஆலையில் வேலை பார்த்தவர்கள் சொல்லிச் சிரிப்பதுண்டு. ஆகவே, அவர் உடல் விறைக்கத் தொடங்கியபோது அவ்விறைப்பு அவருடைய குணத்தின் தொடர்ச்சியாகவே எல்லாருக்கும் தோன்றியது. சம்பந்தி வீட்டுத் துக்கத்துக்குப் போனவர் கண்ணில் ஒரு சொட்டு நீரில்லாமல், இமைகூடச் சரியாகக் கொட்டாமல் பாடையருகில் நின்றதை அவ்வீட்டார் ‘கல் மாதிரி நின்றார்’ என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தனர். அவருடைய மகளின் திருமணப் படங்கள் எல்லாவற்றிலும் அவர் முறைத்துக்கொண்டு நிற்பதுபோலத் தெரிவதால், மாப்பிள்ளை வீட்டார் சீர்வரிசை விஷயத்தில் அவருக்கு மனத்தாங்கல் என்று முடிவுகட்டினர். மருத்துவ நூல்கள் முகமூடி முகம் என்று குறிப்பிடுவது இதைத்தான்: முகத்தின் சிறு தசைகள் அசையும் ஆற்றலை இழப்பதால் உணர்ச்சி உள்ளேயே நின்றுவிடுகிறது, கண்சிமிட்டலும் குறைகிறது, எதிரில் நிற்பவர் அதை முறைப்பென்றே எடுத்துக்கொள்கிறார். பேச்சின் ஏற்ற இறக்கமும் மங்கிவிடுவதால், ‘வாங்க’ என்ற சொல்லும் ‘ஏன் வந்தீர்கள்’ என்பதுபோல ஒலித்துவிடும்.

கறாரும் உழைப்பும் நேரந்தவறாமையும் கொண்டவர்களுக்கே இந்நோய் வருகிறது என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே மருத்துவர்கள் சிலர் எழுதிவந்திருக்கின்றனர். மூளையின் மாற்றம் உடற்குறிகளுக்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்குகிறது என்பதால், அக்குணமே நோயின் முதற்குறியாக இருக்கலாம் என்பாரும் உண்டு. நோயாளிகளின் பழைய குணத்தை நோய்க்குப் பின் விசாரித்து எழுதியதை எப்படி நம்புவது என்று மறுப்பாரும் உண்டு. பெரியப்பாவை அறிந்தவருக்கு இரண்டாம் தரப்பே நியாயமாகப் படும். கால் ரூபாய்க்கு விளக்கெரித்தவர் இருபத்தைந்து வயதிலும் அப்படித்தான் இருந்தார். கணக்கெழுதும் தொழிலில் வேறு குணத்தோடு நிலைத்திருக்கவும் முடியாது.

நோய் எப்போது தொடங்கியது என்பதற்கு வீட்டாரின் நினைவைவிட ஆலையின் பேரேடுகளே நம்பத்தக்க சாட்சியாக இருந்தன. தடித்த அட்டையும் சிவப்புத் துணி முதுகும் கொண்ட அவ்வேடுகளில், தொடக்க ஆண்டுகளில் அவருடைய எழுத்து பருத்து, கோட்டைத் தொட்டு, சற்றே வலப்பக்கம் சாய்ந்து நிற்கும். பிற்பட்ட ஏடுகளில் ஒவ்வொரு வரியும் பழைய அளவில் தொடங்கி, வலப்பக்கம் போகப் போகச் சுருங்கி, தொகைப் பத்தியை அடைகையில் எள்ளளவாகிவிடுகிறது. மேலும் பின்னே போனால் தொடக்க எழுத்தும் சிறுத்து, ‘மூட்டை’ என்ற சொல்லில் இரட்டை டகரம் ஒரே கீறலாகிவிடுகிறது. எண்கள் மட்டும் எப்படியோ பிழையின்றி நிற்கின்றன. எழுத்துச் சுருக்கம் என்று நரம்பியலில் பெயர்பெற்ற இக்குறி, நோய் கண்டறியப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே தோன்றுவதுண்டு. ஆலை முதலாளி அதைச் சிக்கனம் என்று எண்ணினார்: தாள் விலை ஏறிவிட்டதால் கணக்குப்பிள்ளை இடத்தை மிச்சம்பிடிக்கிறார் என்று அவர் பிறரிடம் பாராட்டியும் சொன்னார்.

முதலில் மருத்துவரிடம் கொண்டுசென்றது வலது தோள்பட்டை வலி. விறைத்த தோள் அசைவு குறைந்து, மூட்டு இறுகி, வலிப்பது இந்நோயின் தொடக்கத்தில் அரிதன்று. ஆனால் வாயு என்றும், தேய்மானம் என்றும், உறைந்த தோள் என்றும் அது சிகிச்சை பெறுவதே வழக்கம். பெரியப்பாவுக்கும் எண்ணெய்த் தேய்ப்பு, ஒத்தடம், வலி மாத்திரை, ஊசி என்று காலம் கழிந்தது. நடக்கும்போது இடக்கை வீசியும் வலக்கை வயிற்றோடு ஒட்டியும் இருந்ததை அவருடைய மனைவி, அதாவது கட்டுரையாளரின் பெரியம்மா, ‘வலிக்கிற கையைக் காபந்து பண்ணுறாரு’ என்று விளக்கினார். கணவரின் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுவதும், சோறு பிசைந்துகொடுப்பதும் ஒவ்வொன்றாகத் தம் வேலையாகிவிட்டதை அவரும் உடனே கவனிக்கவில்லை.

விறைப்பைக் கண்டுபிடித்தவர் வேறொரு காரணத்துக்காகப் பார்க்கப்போன வயதான மருத்துவர் ஒருவர். அவர் பெரியப்பாவின் வலது மணிக்கட்டைத் தம் இடக்கையால் தாங்கி, வலக்கையால் உள்ளங்கையைப் பிடித்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே மெல்ல மேலும் கீழும் அசைத்தார். பிறகு இடக்கையை உயர்த்தி விரல்களை மூடித் திறக்குமாறு பெரியப்பாவிடம் சொல்லிவிட்டு, அசைவை நிறுத்தாமல் தொடர்ந்தார். ஒரு கை வேலை செய்கையில் மற்றக் கையில் மறைந்திருக்கும் விறைப்பு மேலெழுந்து தெரியும் என்பதால் செய்யப்படும் இச்சோதனை, பிரெஞ்சு மருத்துவர் ழூல் ஃப்ரொமான் பெயரால் அறியப்படுகிறது. உடன் சென்றிருந்த கட்டுரையாளரின் விரல்களையும் அம்மணிக்கட்டின் மேல் வைக்கச் சொன்னார் மருத்துவர். தோலுக்கடியில் ஏதோ ஒன்று சிறு சிறு படியாக இறங்குவது தெளிவாகத் தெரிந்தது. இடக்கை விரல்கள் மூடித் திறப்பதை நிறுத்தியதும் அப்படிகள் மழுங்கின, மீண்டும் தொடங்கியதும் கூர்ந்தன. கையின் சொந்தக்காரரோ தாம் கையைத் தளரவே விட்டிருப்பதாக இரண்டு முறை உறுதி சொன்னார். வெளியே நடுக்கமாகத் தெரியாத ஒன்று உள்ளே துடித்துக்கொண்டிருந்தது. அறையில் இருந்தவர்களில் அவருக்கு மட்டும் அதைக் காட்டமுடியவில்லை; தம் விறைப்பை அவரால் எதிர்ப்பாக உணர முடியவில்லை, ‘உடம்பு கனக்குது’ என்றுதான் சொல்லத் தெரிந்தது.

நடுமூளையில் கருநிறம் படிந்த ஒரு சிறு பகுதி உண்டு. இலத்தீனில் அதைச் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்பர். அங்குள்ள நரம்பணுக்கள் டோபமின் என்ற வேதிப்பொருளை மூளையின் ஆழத்திலுள்ள அசைவுக் கட்டுப்பாட்டு மையங்களுக்கு அனுப்புகின்றன. அவ்வணுக்களில் பாதியோ அதற்கு மேலுமோ அழிந்த பின்னரே குறிகள் வெளிப்படுகின்றன. தசையும், தசைக்குச் செல்லும் நரம்பும் நலமாகவே இருக்க, தளரச் சொல்லும் ஆணைதான் கிடைக்காமற்போகிறது. இவ்வுண்மை வெளிப்பட்ட வழியில் இந்தியச் செடிகள் இரண்டு நிற்கின்றன. முதலாவது சர்ப்பகந்தா. அதன் வேர் மனநோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் பயன்படுவதை 1931-இல் வங்காள மருத்துவர்கள் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினர். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. 1957-இல் ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன் ரெசர்பின் கொடுத்து அசைவற்றுப்போன முயல்களுக்கு, டோபமினாக மாறக்கூடிய டோபா என்ற பொருளை ஊசிவழி செலுத்த, சற்று நேரத்தில் அவை எழுந்து நடமாடின. 1960-இல் வியன்னாவில் எரிங்கரும் ஹோர்னிக்கீவிச்சும் இறந்த நோயாளிகளின் மூளையில் டோபமின் வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்டனர். அடுத்த ஆண்டே உயிருள்ள நோயாளிகளுக்கு டோபா ஊசியாகக் கொடுக்கப்பட்டது. அதிக அளவில் வாய்வழி கொடுத்துப் பயன்காணும் முறையை 1967-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கொட்சியாஸ் நிலைநாட்டினார்.

இரண்டாவது செடி பூனைக்காலி. வேலியோரம் படரும் இக்கொடியின் காயிலுள்ள சுணை பட்டால் உடலெங்கும் அரிப்பெடுக்கும் என்பது கிராமத்துச் சிறுவர் அனைவரும் அறிந்தது. இதன் விதையிலிருந்து டோபாவைத் தூய நிலையில் பிரித்தெடுத்து 1937-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த தாமோதரன், இராமசாமி ஆகிய இருவர். நோய்க்கும் டோபாவுக்கும் தொடர்புண்டு என்று உலகில் எவரும் அறியாத காலம் அது; புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களை ஆராய்ந்த வேதியியலர்களின் ஆர்வமே அவ்வாய்வை நடத்தியது. அதற்கு முன்பே 1913-இல் ஸ்விஸ் வேதியியலர் மார்க்குஸ் குக்கன்ஹைம் ஒருவகை அவரைக்காயிலிருந்து அப்பொருளைப் பிரித்து, இரண்டரை கிராம் அளவுக்குத் தாமே விழுங்கி, கடுமையாக வாந்தியெடுத்து, அதனால் மருந்துப் பயன் ஒன்றும் பெரிதாக இல்லை என்ற முடிவுக்கு வந்திருந்தார். சேப்பாக்கத்தில் இருந்த அந்தச் சென்னை ஆய்வகத்தில் நிகழ்ந்து, முப்பது ஆண்டுகள் கழித்துப் பயன் தெரியவந்த கண்டுபிடிப்பு தமிழ்நாட்டில் அதற்குரிய அளவு பேசப்படவில்லை என்றே கூறவேண்டும்.

ஆலைக்கு வந்துபோன ஒரு நாட்டு வைத்தியர் பூனைக்காலி விதைச் சூரணத்தைப் பாலில் கலந்து உண்ணுமாறு பெரியப்பாவுக்குச் சொன்னார். ஆங்கில மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையிலும் உள்ளது அதே பொருள்தான் என்பது இருவருக்கும் தெரியுமோ தெரியாதோ, பெரியப்பாவுக்குத் தெரியாது. விதையில் டோபாவின் அளவு நிலத்துக்கு நிலம் மாறும். மாத்திரையில் அளவு நிலையானது. அதனோடு சேர்க்கப்படும் கார்பிடோபா என்ற துணைப்பொருள், டோபா மூளையை எட்டுமுன் உடலின் பிற இடங்களில் டோபமினாக மாறி வீணாவதையும் குமட்டலை உண்டாக்குவதையும் தடுக்கிறது. இந்தியாவில் சிண்டோபா என்ற பெயரில் அப்போதே கிடைத்த அவ்வகை மாத்திரையில் 100 மில்லிகிராம் டோபாவும் 10 மில்லிகிராம் கார்பிடோபாவும் இருந்ததால், மருந்துக்கடையில் அதை ‘நூற்றிப்பத்து’ என்றே கேட்டு வாங்கினார்கள்.

மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் ஏற்பட்ட மாற்றம், அதைப் பார்த்தவர்கள் பிற்காலத்தில் மிகைப்படுத்திச் சொல்கிறார்களோ என்று கேட்பவர் ஐயுறும்படி இருந்தது. வலக்கை வீசத் தொடங்கியது. படுக்கையில் தாமாகப் புரண்டு படுத்தார். பொத்தான் போடும் வேலை பெரியம்மாவிடமிருந்து திரும்பி வந்தது. பேரன் ஏதோ சொன்னதற்கு, அது சொல்லப்பட்ட நேரத்திலேயே சிரித்தார். அதற்குமுன் அவருடைய சிரிப்பு மற்றவர்கள் அடுத்த பேச்சுக்குப் போய்விட்ட பிறகுதான் வரும். சம்பந்தி வீட்டாருக்கு நோயின் இயல்பு விளக்கிச் சொல்லப்பட்டது. சம்பந்தியம்மாள் ஏற்றுக்கொண்டார், சம்பந்தி ஏற்கவில்லை. ‘அப்ப மட்டும் எப்படிச் சாப்பாட்டுப் பந்தியில சரியா உட்கார்ந்தாரு’ என்று கேட்ட அவர் இறுதிவரை அந்தக் கேள்வியைக் கைவிடவில்லை. எளிதில் கொள்ளும் கருத்தை விடுவது எளிதன்று என்பதற்கு மேல், நோய் வேளைக்கு வேளை மாறித் தெரிவதும் இத்தகைய ஐயங்களுக்கு இடங்கொடுக்கிறது.

வேளைக்கு வேளை நேரும் அம்மாற்றம் பின்னாளில் பெரிதாயிற்று. ஐந்தாறு ஆண்டுகள் சென்றதும், மாத்திரையின் பயன் அடுத்த மாத்திரைக்கு முன்பே தீர்ந்துவிடும் நிலை வந்தது. டோபாவும் உணவுப் புரதத்திலிருந்து வரும் சில அமினோ அமிலங்களும் குடலைக் கடக்கவும் மூளைக்குள் நுழையவும் ஒரே வாயிலுக்குப் போட்டியிடுகின்றன. பருப்பும் பாலும் முட்டையும் மாத்திரையோடு சேர்ந்தால் மருந்து பின்தங்கும். எனவே இட்லிக்கு முக்கால் மணி முன்பு மாத்திரை, பருப்புக் குழம்பு இரவில் மட்டும், பாலுக்குப் பதில் வரக்காப்பி என்று பெரியம்மா வீட்டின் நேரங்களை மாற்றியமைத்தார். அவ்வட்டவணையை ஒரு பழைய நாட்குறிப்பில் வரவு செலவுபோல எழுதிவைத்துக் கண்காணித்தவர் பெரியப்பாவே; மாத்திரை கால்மணி தாமதித்தால் மனைவியைக் கேள்வி கேட்டார்.

மருந்தின் வலு குன்றிய வேளைகளில் அறைவாசலில் கால் ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடுவார். திறந்த வெளியில் நடப்பவர் குறுகிய வழியில் உறைந்துபோவது இந்நோயின் புதிர்களுள் ஒன்று. தரையில் குறுக்காகக் கோடுகள் இருந்தால் அவற்றைத் தாண்டித் தாண்டி இவர்கள் நடந்துவிடுவதை லண்டன் மருத்துவர் பர்டன் மார்ட்டின் 1967-இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். தானாக எழும் அசைவுக்கான வழி அடைபட்டாலும், கண்ணால் கண்டு செய்யும் அசைவுக்கு மூளையில் வேறு வழி இருக்கிறது என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம். கூடத்திலிருந்து கொல்லை வரை ஓரடி இடைவெளியில் சுண்ணாம்புக் கோடுகள் போடப்பட்டன. அவற்றைக் கோணலாகப் போட்ட கொத்தனாரைத் திரும்ப வரவழைத்து, நூல் பிடித்து நேராக்கச் சொன்னார் பெரியப்பா.

தம்பிமாருக்கும் அவருக்கும் நடுவே ஒரு மனைக்கட்டின் பாகப்பிரிவினை நெடுங்காலம் இழுபறியாக இருந்தது. கிணற்றை ஒட்டிய மூன்றடிப் பாதை பொதுவில் இருக்கவேண்டும் என்பது அவருடைய நிலை. அதைத் தம் பாகத்தில் சேர்க்கவேண்டும் என்பது கடைசித் தம்பியின் நிலை. அண்ணனின் பிடிவாதம் நோயினால் வந்ததே என்று டாக்டர் சொன்னதாகக் குடும்பத்தில் பேச்சுப் பரவியபோது, அவ்வாறு எந்த மருத்துவரும் சொல்லவில்லை என்றாலும், மாத்திரை பிடிக்கும் வேளை பார்த்து மறுபடியும் பேசினால் இறங்கி வருவார் என்ற நம்பிக்கை தம்பிமாரிடம் எழுந்தது. பெரியம்மாவிடம் நேரம் கேட்டுக்கொண்டு, முற்பகல் பதினோரு மணிக்கு, பத்திரத் தாளோடு வந்து உட்கார்ந்தார்கள். பெரியப்பா நன்றாகவே இருந்தார். கையை வீசிக் கிணற்றடிக்கு நடந்துபோய், மூன்றடியைத் தாமே அளந்து காட்டி, தகப்பனார் காலத்திலிருந்து பக்கத்து வீட்டாரும் அவ்வழியாகவே தண்ணீர் எடுத்துவருவதை நினைவூட்டி, முகம் மலர்ந்து, முடியாது என்றார். முன்பெல்லாம் முறைத்துக்கொண்டாவது சொல்வார், இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறார் என்று கடைசித் தம்பி வாசலில் செருப்பை மாட்டும்போது பொருமினார். அந்தப் பத்திரம் பிறகு பாதை பொதுவாகவே எழுதப்பட்டுப் பதிவாயிற்று. அதில் பெரியப்பாவின் கையெழுத்து மட்டும் மற்றவர்களுடையதில் பாதி அளவில், கடைசி எழுத்து காணாத அளவுக்குச் சிறுத்து இருப்பதால், அடையாளம் காட்ட இரண்டு சாட்சிகள் கூடுதலாகத் தேவைப்பட்டனர்.